டி.ஓ. பட்டத்துக்குப் பின் முதல் ஆண்டு: அமெரிக்க லைசன்ஸ், ரெசிடென்சி நிதி இரண்டுக்குமான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் டி.ஓ. என்ற ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு யாரும் தனியாக நோயாளி பார்த்துவிட முடியாது. பட்டத்துக்குப் பிறகு, மாநிலத்தைப் பொறுத்துக் குறைந்தது ஓராண்டாவது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைப் பயிற்சி முடித்தால்தான் முழு லைசன்ஸ் கிடைக்கும். நம்மூரில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்க்கும் ஆண்டு படிப்பின் ஒரு பகுதி. அதை முடித்த பிறகுதான் பட்டமே. அமெரிக்காவில் முறை தலைகீழ். பட்டம் முதலில், இன்டர்ன்ஷிப் பிறகு. அந்த இன்டர்ன்ஷிப்தான் இன்று, பட்டத்துக்குப் பிந்தைய துறைப் பயிற்சியான ரெசிடென்சியின் முதல் ஆண்டு.

இந்த முதல் ஆண்டு இரண்டு கணக்குகளில் ஒரே நேரத்தில் ஏறுகிறது. ஒன்று மாநில மருத்துவ வாரியத்தின் கணக்கு: லைசன்ஸுக்குத் தேவையான பயிற்சி மாதங்கள். மற்றொன்று முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் கணக்கு: உங்கள் பயிற்சிக்காக மருத்துவமனைக்கு அரசு எத்தனை ஆண்டு முழுத் தொகை தரும் என்பது. முதல் கணக்கைப் பற்றிக் கல்லூரியில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. பாதியில் துறை மாறப் போகும்போதுதான் அது குறுக்கே வந்து நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே முதல் ஆண்டு இடத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

யாருக்கான வழிகாட்டி இது

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874-ல் முன்வைத்த மருத்துவ முறை ஆஸ்டியோபதி. 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். இன்றைய அமெரிக்க டி.ஓ. முழுமையான மருத்துவர், அறுவை சிகிச்சை செய்யலாம், மருந்து எழுதலாம், எந்தச் சிறப்புத் துறைக்கும் போகலாம். அமெரிக்காவின் மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இப்போது டி.ஓ. கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலும் டி.ஓ. படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "அது ஏதோ பிசியோதெரபி மாதிரியா?" என்று ஊரிலிருந்து உறவினர்கள் கேட்டால், இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ ஆஸ்டியோபதி படித்தவர்களின் நிலை வேறு. அங்கே ஆஸ்டியோபாத் என்பவர் கையால் சிகிச்சை தருபவர், மருத்துவர் அல்ல. அந்தத் தகுதியை வைத்து அமெரிக்க ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க முடியாது. கீழே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டி.ஓ. முடித்தவர்களுக்கு மட்டும்.

பழைய விதியை ஏன் இன்னும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்

நெடுங்காலம் டி.ஓ.க்களின் பயிற்சியை அமெரிக்க ஆஸ்டியோபதிக் சங்கமான ஏ.ஓ.ஏ.வும், எம்.டி.க்களின் (அமெரிக்காவில் இது மேற்படிப்பு அல்ல, வழக்கமான மருத்துவப் பட்டம்) பயிற்சியை ஏ.சி.ஜி.எம்.இ. என்ற அங்கீகார அமைப்பும் தனித்தனியாக அங்கீகரித்து வந்தன. ஏ.ஓ.ஏ. வழியில் முதல் ஆண்டுக்குப் பெயர் 'ரொட்டேட்டிங் இன்டர்ன்ஷிப்'. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு, அவசர சிகிச்சை, குடும்ப மருத்துவம் என்று ஒவ்வொரு பிரிவிலும் சில வாரங்கள் சுற்றி வர வேண்டும்.

பென்சில்வேனியா, மிச்சிகன், புளோரிடா, ஓக்லஹோமா, மேற்கு வர்ஜீனியா ஆகிய 5 மாநிலங்கள், ஏ.ஓ.ஏ. அங்கீகரித்த முதல் ஆண்டு இல்லாத டி.ஓ.க்களுக்கு லைசன்ஸ் தர மறுத்தன. எம்.டி. மருத்துவமனையில் ரெசிடென்சியை முழுதாக முடித்து, துறைத் தேர்ச்சிக்கான போர்டு சான்றிதழும் கையில் வைத்திருக்கும் டி.ஓ. ஒருவர் பென்சில்வேனியாவின் பிலடெல்பியாவில் வேலைக்குப் போக நினைத்தாலும் இந்த ஓராண்டு குறுக்கே நின்றது. இதற்கு வழியாக 2000-ல் ஏ.ஓ.ஏ. கொண்டுவந்ததுதான் 'தீர்மானம் 42'. உடல்நலம், குடும்பச் சூழல் போன்ற தனிக் காரணங்களைக் காட்டி மனு செய்தால், ஏ.சி.ஜி.எம்.இ. வழியில் முடித்த முதல் ஆண்டை ஏ.ஓ.ஏ. இன்டர்ன்ஷிப்புக்குச் சமமாக ஏற்றுக்கொள்வார்கள். அந்த ஏற்புக் கடிதம் பல டி.ஓ.க்களுக்கு அந்த 5 மாநிலங்களின் கதவைத் திறந்துவிட்டது.

இரட்டை முறை முடிவுக்கு வந்ததற்கும் ஒரு நெருக்கடிதான் காரணம். ஏ.சி.ஜி.எம்.இ. தன் ஃபெலோஷிப் போன்ற, ரெசிடென்சிக்குப் பிந்தைய மேல்நிலைப் பயிற்சிகளில் சேர முந்தைய பயிற்சியும் தன் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும் என்று விதியை இறுக்கப் போவதாக அறிவித்தது. ஏ.ஓ.ஏ. ரெசிடென்சி முடித்தவர்களுக்கு ஃபெலோஷிப் கதவு அடைபடும் நிலை. பேச்சுவார்த்தை நடந்தது; 2014 பிப்ரவரியில் ஒற்றை அங்கீகார முறை அறிவிக்கப்பட்டது. 2015 ஜூலையில் தொடங்கிய மாற்றம் 2020 ஜூன் 30-ல் நிறைவடைந்தது. அத்தோடு ஏ.ஓ.ஏ. பயிற்சிகளை அங்கீகரிப்பதும் நின்றது.

ஆகவே இன்று படிப்பு முடிப்பவருக்கு ஏ.ஓ.ஏ. இன்டர்ன்ஷிப் தேவையில்லை, அப்படி ஒன்று இப்போது இல்லவும் இல்லை. ஆனால் 2020-க்கு முன் பயிற்சி முடித்தவர் மாநிலம் மாறும்போது பழைய தாள்கள் இன்னும் கேட்கப்படலாம். அவர்களுக்கான குறிப்பைக் கடைசியில் தருகிறேன்.

படி 1: உங்கள் முதல் ஆண்டு இடம் எந்த வகை என்று பாருங்கள்

விண்ணப்பதாரர்களின் விருப்பப் பட்டியலையும் மருத்துவமனைகளின் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்க என்.ஆர்.எம்.பி. என்ற அமைப்பு நடத்தும் மேட்ச்சில் இடங்கள் ஒரே மாதிரி இருக்காது. 'கேட்டகாரிக்கல்' என்றால் முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டுவரை அதே இடத்தில். குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகியவை பெரும்பாலும் இப்படித்தான். 'அட்வான்ஸ்டு' என்றால் இரண்டாம் ஆண்டிலிருந்துதான் இடம். முதல் ஆண்டை வேறெங்காவது முடித்துவிட்டு வர வேண்டும். கதிரியக்கம், தோல், மயக்கவியல், நரம்பியல் போன்ற துறைகளில் இந்த வகை உண்டு. அந்த வேறெங்கோ ஓர் ஆண்டு ஒரே துறையில் என்றால் 'ப்ரிலிமினரி', பல துறைகளைச் சுற்றி என்றால் 'டிரான்சிஷனல்'. பழைய ரொட்டேட்டிங் இன்டர்ன்ஷிப்பின் வாரிசு என்று டிரான்சிஷனல் ஆண்டைச் சொல்லலாம், ஏ.ஓ.ஏ. இன்டர்ன்ஷிப்புகளில் சில அந்த வடிவத்துக்குத்தான் மாறின.

அட்வான்ஸ்டு இடத்துக்கு விண்ணப்பிப்பவர் தரவரிசைப் பட்டியலோடு முதல் ஆண்டு இடங்களுக்கான துணைப் பட்டியலையும் இணைக்க வேண்டும். அதை மறந்தால், இரண்டாம் ஆண்டு இடம் கையில் இருந்தும் முதல் ஆண்டு இல்லாமல் நிற்க நேரும்.

தொடர்ச்சி இல்லாத ப்ரிலிமினரி இடம், குறிப்பாக அறுவை சிகிச்சையில், கவனமாக எடுக்க வேண்டிய முடிவு. மேட்ச் கிடைக்காமல், மீதமுள்ள இடங்களை அந்த வாரத்திலேயே நிரப்பும் 'சோப்' சுற்றில் இப்படி ஓர் இடத்தைப் பிடிப்பவர்கள் உண்டு. லைசன்ஸுக்கான மாதங்கள் அதில் ஏறும். ஆனால் மெடிகேர் கணக்கும் அன்றே ஓடத் தொடங்கிவிடும். படி 4 வரை பொறுத்து, பிறகு முடிவெடுங்கள்.

படி 2: எந்த மாநிலம், எத்தனை மாதம்

லைசன்ஸ் தருவது மாநிலம். கலிஃபோர்னியா, புளோரிடா, பென்சில்வேனியா, மிச்சிகன், ஓக்லஹோமா, மேற்கு வர்ஜீனியா, அரிசோனா போன்ற மாநிலங்களில் டி.ஓ.க்களுக்கென்றே தனி வாரியம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் எம்.டி.க்கும் டி.ஓ.வுக்கும் ஒரே வாரியம்தான். தனி வாரியம் இருக்கும் மாநிலத்தில் எம்.டி. நண்பர் சொல்லும் விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் வாரியத்தின் இணையதளத்தை நீங்களே படியுங்கள்.

அமெரிக்கக் கல்லூரியில் படித்தவர்களுக்குத் தேவைப்படும் பயிற்சி, மாநிலத்துக்கு மாநிலம் 12 மாதம் முதல் 36 மாதம்வரை வேறுபடும். பயிற்சிக் காலத்தில் வேலை பார்க்கப் பெரும்பாலான மாநிலங்களில் 'டிரெய்னிங் லைசன்ஸ்' வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை மருத்துவமனையே அனுப்பச் சொல்லும். மார்ச்சில் மேட்ச் முடிவு, ஜூலையில் வேலை. இடையில் இருப்பது சில மாதங்கள்தான். கைரேகை, பின்னணிச் சோதனை, கல்லூரிச் சான்று எல்லாம் அதற்குள் முடிய வேண்டும் என்பதால் கடிதம் வந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

ஓராண்டில் முழு லைசன்ஸ் தரும் மாநிலங்களில், ஓராண்டு பயிற்சியோடு பொது மருத்துவராக வேலை பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் லைசன்ஸ் கிடைப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. பெரும்பாலான மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் போர்டு சான்றிதழையோ முழு ரெசிடென்சியையோ எதிர்பார்க்கின்றன. பல மாநிலங்களில் விரைவாக லைசன்ஸ் வாங்க உதவும் மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தமும் முழுப் பயிற்சியையும் போர்டு சான்றிதழையும் கேட்கிறது. "ஒரு வருஷம் முடித்தால் போதும்" என்ற யோசனையை நம்பிக் குடும்பச் செலவுத் திட்டம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படி 3: காம்லெக்ஸ்

டி.ஓ.க்களின் லைசன்ஸ் தேர்வு காம்லெக்ஸ். முதல் நிலையும் இரண்டாம் நிலையும் கல்லூரியிலேயே முடியும். மூன்றாம் நிலை பட்டத்துக்குப் பிறகு, ரெசிடென்சியில் சேர்ந்த பின். பயிற்சி இயக்குநர் உங்களைப் பற்றி உறுதியளிக்க வேண்டும். இரண்டு நாள் தேர்வு. முதல் நிலை 2022 மே முதல் மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே வருகிறது. நேரில் நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் பகுதி கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது.

ஒவ்வொரு நிலைக்கும் எழுதும் வாய்ப்புகளுக்கு வரம்பு உண்டு. சில மாநிலங்கள் தனியே இன்னும் கடுமையான வரம்பும், எல்லா நிலைகளையும் முடிக்க ஆண்டுக் கெடுவும் வைத்திருக்கின்றன. மூன்றாம் நிலையை முதல் ஆண்டின் இரண்டாம் பாதியில் எழுதுவது நல்லது. பல துறைகளையும் சுற்றி வந்த நினைவு அப்போது பசுமையாக இருக்கும். துறைக்குள் ஆழமாகப் போய்விட்டால் மகப்பேறும் குழந்தை மருத்துவமும் மெல்ல மறந்துபோகும்.

லைசன்ஸுக்குக் காம்லெக்ஸ் போதும். எம்.டி.க்களின் யு.எஸ்.எம்.எல்.இ. கட்டாயமில்லை. போட்டி மிகுந்த துறைகளில் சில இடங்கள் அதையும் எதிர்பார்க்கின்றன என்பதால் பலர் இரண்டையும் எழுதுகிறார்கள். அது ரெசிடென்சிப் போட்டிக்கான தந்திரம். மாநில வாரியம் அதைக் கேட்பதில்லை.

படி 4: பணம் எங்கிருந்து வருகிறது, உங்கள் ஆண்டுகள் எப்படி எண்ணப்படுகின்றன

ரெசிடென்டுக்குச் சம்பளம் தருவது மருத்துவமனை. அந்த மருத்துவமனைக்குப் பயிற்சிச் செலவில் பெரும்பங்கு தருவது முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள், வருமானம் குறைந்தோருக்காக மாநிலங்கள் நடத்தும் மெடிக்கெய்டு காப்பீடு, குழந்தைகள் மருத்துவமனைகளுக்கான தனி நிதி, 2010-ன் சட்டத்தில் உருவான சமூக மருத்துவ மையப் பயிற்சித் திட்டம் ஆகியவையும் உண்டு. ஆனாலும் பிரதானம் மெடிகேர்தான். டி.ஓ., எம்.டி. என்று மெடிகேர் பிரித்துப் பார்ப்பதில்லை. இருவருக்கும் ஒரே கணக்கு.

மெடிகேர் பணம் இரண்டு வழியில் வரும். டி.ஜி.எம்.இ. என்பது நேரடிச் செலவு: சம்பளம், ஆசிரியர்களின் நேரம், நிர்வாகம். ஐ.எம்.இ. என்பது பயிற்சி மருத்துவமனையில் சிகிச்சைச் செலவு கூடுவதற்கான ஈடு; மெடிகேர் நோயாளி ஒவ்வொருவருக்கும் தரும் தொகையோடு இது சேர்க்கப்படும். மொத்தமாகப் பார்த்தால் இரண்டில் பெரியது ஐ.எம்.இ.தான்.

1997-ல் வந்த சட்டம் இதில் ஒரு பூட்டு போட்டது. அப்போது பயிற்சி தந்துகொண்டிருந்த ஒவ்வொரு மருத்துவமனைக்கும் 1996-ல் எத்தனை ரெசிடென்டுகள் இருந்தார்களோ அந்த எண்ணிக்கைக்கு மேல் மெடிகேர் பணம் தராது. அதற்குப் பிறகு 2021-ஆம் ஆண்டுக்கான செலவினச் சட்டத்தில் 1,000 புதிய இடங்களும், 2023-க்கானதில் 200 இடங்களும் சேர்க்கப்பட்டன. தேவையை நினைத்தால் இது சொற்பம். பல பெரிய மருத்துவமனைகள் உச்சவரம்புக்கு மேலும் ஆட்களை எடுத்துத் தங்கள் கைப்பணத்தில் பயிற்சி தருகின்றன.

இனி உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் பகுதி. முதல்முறை பயிற்சியில் சேரும்போது உங்களுக்கு 'ஆரம்ப ரெசிடென்சி காலம்' என்று ஒன்று நிர்ணயிக்கப்படுகிறது. நீங்கள் சேரும் துறையில் போர்டு தேர்வுக்குத் தகுதி பெறக் குறைந்தபட்சம் எத்தனை ஆண்டு வேண்டுமோ அதுவே அந்தக் காலம். ஆனால் 5 ஆண்டுக்கு மேல் போகாது. குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவத்துக்கு 3. மனநலத்துக்கு 4. பொது அறுவை சிகிச்சைக்கு 5. இந்தக் காலத்துக்குள் டி.ஜி.எம்.இ. கணக்கில் நீங்கள் முழு ஆள். காலம் தாண்டினால் அரை ஆள். ஐ.எம்.இ. கணக்கில் இந்தப் பாதிக் குறைப்பு கிடையாது.

பின்னால் துறை மாறினாலும் இந்தக் காலம் மாறாது. சிக்கல் முழுவதும் இங்கேதான். சில சூழல்களைப் போட்டுப் பார்ப்போம்.

பொது மருத்துவத்தில் சேர்ந்து ஓராண்டு முடித்தவர் அறுவை சிகிச்சைக்கு மாறி, அங்கே முதல் ஆண்டிலிருந்து தொடங்குகிறார். அவருடைய காலம் 3 ஆண்டு. மொத்தப் பயிற்சி 6 ஆண்டு. கடைசி 3 ஆண்டும் அவர் அரை ஆள்.

அறுவை சிகிச்சையில் ஓராண்டு முடித்தவர் குடும்ப மருத்துவத்துக்கு மாறுகிறார். அவருடைய காலம் 5. மொத்தம் 4 ஆண்டுதான் ஆகிறது. எங்கும் குறைப்பே இல்லை. நீண்ட துறையிலிருந்து குறுகிய துறைக்கு மாறுவது மெடிகேர் கணக்கில் சுலபம். எதிர்த்திசையில் மாறுவதுதான் கடினம்.

மேட்ச்சிலேயே அட்வான்ஸ்டு கதிரியக்க இடமும், முதல் ஆண்டுக்குப் பொது மருத்துவ ப்ரிலிமினரி இடமும் சேர்ந்து கிடைத்தவருக்கு, காலம் கதிரியக்கத்தை வைத்தே கணக்கிடப்படும். முன்பு முதல் ஆண்டை வைத்து 3 என்று கணக்கிட்டார்கள். அந்த அநீதி 2000-களின் நடுவில் திருத்தப்பட்டது. இரண்டாம் ஆண்டு இடம் முதல் ஆண்டு தொடங்கும் முன்பே உறுதியாகியிருந்தது என்பதற்கான மேட்ச் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அதுதான் ஆதாரம்.

டிரான்சிஷனல் ஆண்டு ஒரு துறையும் அல்ல என்பதால், காலம் இரண்டாம் ஆண்டில் சேரும் துறையை வைத்து முடிவாகும். ஆனால் செலவழித்த ஓராண்டு செலவழித்ததுதான். டிரான்சிஷனல் முடித்துவிட்டுக் குடும்ப மருத்துவத்தில் முதல் ஆண்டிலிருந்து சேர்ந்தால், மொத்தம் 4 ஆண்டு, காலமோ 3. கடைசி ஆண்டில் அரை ஆள். பழைய ரொட்டேட்டிங் இன்டர்ன்ஷிப்பை முடித்துவிட்டு ஏ.சி.ஜி.எம்.இ. ரெசிடென்சியை முதலிலிருந்து தொடங்கிய டி.ஓ.க்கள் சந்தித்த சங்கடமும் இதே வகைதான். லைசன்ஸுக்காகச் செய்த ஓராண்டு, நிதிக் கணக்கில் ஓராண்டைத் தின்றுவிட்டது.

இதனால் மருத்துவமனைக்கு எவ்வளவு நட்டம்? உதாரணத்துக்கு, ஒரு ரெசிடென்டுக்கான தொகை ஆண்டுக்கு 1,00,000 டாலர், அந்த மருத்துவமனையில் படுக்கை நாட்களில் மெடிகேர் நோயாளிகளின் பங்கு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முழு ஆளுக்கு 40,000 டாலர் வரும். அரை ஆளுக்கு 20,000. இழப்பு 20,000 டாலர். சிறிய தொகை இல்லை. ஆனால் நல்ல ஆளை வேண்டாமென்று தள்ளும் அளவுக்குப் பெரியதும் இல்லை. "உங்களுக்கு நிதி தீர்ந்துவிட்டது, யாரும் எடுக்க மாட்டார்கள்" என்று பயமுறுத்துபவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஃபெலோஷிப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஆரம்பக் காலத்தைத் தாண்டியவர்களே. அவர்களுக்கு இடம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. முதியோர் மருத்துவம் போன்ற சிலவற்றுக்கு விதியிலேயே கூடுதல் காலமும் உண்டு.

படி 5: சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

நேர்காணலின்போது பயிற்சித் திட்ட ஒருங்கிணைப்பாளரிடமோ, மருத்துவமனையில் ரெசிடென்சிப் பயிற்சிகளைக் கவனிக்கும் ஜி.எம்.இ. அலுவலகத்திடமோ கேளுங்கள். என் முதல் ஆண்டுக்கு அடுத்த இடத்தில் எவ்வளவு கிரெடிட் கிடைக்கும்? ப்ரிலிமினரி முடித்தவர்கள் கடந்த சில ஆண்டுகளில் எங்கே போனார்கள்? இந்த மருத்துவமனை உச்சவரம்புக்கு மேலே இருக்கிறதா? ஏற்கெனவே பயிற்சி ஆண்டு முடித்தவரை எடுப்பதில் தடை உண்டா? கடைசிக் கேள்வி துறை மாறுபவர்களுக்கு முக்கியம். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம், ஜி.எம்.இ. அலுவலகத்துக்கு இது அன்றாடக் கணக்கு.

ஆஸ்டியோபதிக் கைமுறை சிகிச்சையைத் தொடர விரும்புபவர்கள், அந்த இடத்துக்கு ஏ.சி.ஜி.எம்.இ. தரும் 'ஆஸ்டியோபதிக் அங்கீகாரம்' இருக்கிறதா என்று பாருங்கள். லைசன்ஸுக்கு அது தேவையில்லை. ஆனால் கற்ற கலையை மேற்பார்வையோடு செய்து பழக வேறு நல்ல வழி இல்லை.

படி 6: மருத்துவமனை மூடப்பட்டால்

2019-ல் பிலடெல்பியாவின் ஹானமன் பல்கலைக்கழக மருத்துவமனை மூடப்பட்டபோது 500-க்கும் மேற்பட்ட ரெசிடென்டுகளும் ஃபெலோக்களும் நடுவழியில் நின்றார்கள். அவர்களின் இடங்களை 5.5 கோடி டாலருக்கு விற்கும் முயற்சிகூட திவால் நீதிமன்றத்தில் நடந்தது. மத்திய அரசு எதிர்த்தது. இப்படி நேர்ந்தால் உங்களை ஏற்கும் மருத்துவமனைக்கு உச்சவரம்பு தற்காலிகமாக உயர்த்தப்படும், உங்கள் பயிற்சி முடியும்வரை. எனவே புதிய இடத்தோடு பேசும்போது, என் வருகையால் உச்சவரம்பு தற்காலிகமாக உயரும் என்பதைச் சொல்லத் தயங்காதீர்கள். உங்கள் தேர்ச்சி மதிப்பீடுகள், சுழற்சிப் பட்டியல், நீங்கள் செய்த சிகிச்சைச் செயல்முறைகளின் பதிவேடு மூன்றையும் சொந்தக் கணினியிலும் வைத்திருங்கள். மூடப்பட்ட கட்டடத்திலிருந்து தாள் வாங்குவது எளிதல்ல.

படி 7: 2020-க்கு முன் பயிற்சி முடித்தவர்களுக்கு

மாநிலம் மாறும்போது முதல் ஆண்டுப் பயிற்சிக்கான மூலச் சான்று கேட்பார்கள். ஏ.ஓ.ஏ. இன்டர்ன்ஷிப் செய்தவர்கள் ஏ.ஓ.ஏ.விடமிருந்து தங்கள் மருத்துவர் விவரப் பதிவை வாங்கலாம். தீர்மானம் 42-ன் கீழ் ஏற்பு பெற்றவர்கள் அந்தக் கடிதத்தைத் தொலைக்கக் கூடாது. மாநில வாரியங்களின் கூட்டமைப்பான எஃப்.எஸ்.எம்.பி., மருத்துவர்களின் சான்றுகளைச் சரிபார்த்து நிரந்தரமாகச் சேமித்து வைக்கும் சேவை நடத்துகிறது. மூடப்பட்ட பல பயிற்சித் திட்டங்களின் பதிவுகளும் அதனிடம் உள்ளன. ஒருமுறை அங்கே கோப்பு திறந்துவிட்டால், அடுத்த மாநிலத்துக்கு அதே கோப்பு போகும்.

ஏ.ஓ.ஏ. சான்று எதுவுமில்லாமல் ஏ.சி.ஜி.எம்.இ. வழியில் மட்டும் படித்தவர், அந்த 5 மாநிலங்களில் ஒன்றுக்குப் போவதாக இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வாரியத்துக்கு எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒருவர் "பிரச்சினை இல்லை" என்று சொன்னதை விண்ணப்பத்தோடு இணைக்க முடியாது.